கொய்யா மரத்தடியில் ஆப்பிள் பாடம்: சிறு பிள்ளைகளுக்குச் சத்துணவை எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு வட்டம்)

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஏரியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 23 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு.

போன வாரம் நல்ல உணவு பற்றிப் பாடம் நடத்தினேன். கடையில் வாங்கிய வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டி, எது சத்தான பழம் என்று கேட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆப்பிள்" என்றார்கள். யார் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றதும் ஒரே ஒரு கை உயர்ந்தது. ஆயாவைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் ஒரு துண்டு கொடுத்தாராம். சன்னலுக்கு வெளியே கொய்யா மரம் நிற்கிறது. அடியில் அணில் கடித்ததும் பழுத்து விழுந்ததுமாகப் பத்துப் பதினைந்து பழம். "அது சத்தில்லையா?" என்றேன். "அது சும்மா கிடக்கிறது டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி.

இதையாவது சிரித்து விட்டுவிடலாம். அடுத்ததுதான் உறுத்துகிறது. கரும்பலகையில் கோடு போட்டு ஒரு பக்கம் 'நல்லது', மறுபக்கம் 'கெட்டது' என்று எழுதி, பொட்டலத் தீனியைக் கெட்டதில் போட்டேன். மறுநாள் காலை இரண்டாம் வகுப்புப் பையன் மேசைக்கருகே வந்து நின்றான். "எங்கள் அப்பா கெட்டவரா டீச்சர்?" காப்பித் தோட்டத்தில் சனிக்கிழமை கூலி வாங்கியதும் மகனுக்கு 5 ரூபாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற மனிதர் அவர்.

பலகையை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.


தறிக்காரர் மகன் (அம்மாப்பேட்டை)

டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் சோறு இருந்தால் இந்தப் பாடம் தேவையில்லை. இல்லாத வீட்டில் பாடம் நடத்தி என்ன ஆகப்போகிறது? தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். கீரை நல்லது என்று என் அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. கீரையை ஆய்ந்து, அலசி, கடைய முக்கால் மணி நேரம் வேண்டும். அந்த முக்கால் மணிக்குத் தறியில் கூலி உண்டு. பொட்டலத்துக்கு அடுப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இதை ஆறு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சொல்லி, அவன் தலையில் சுமை ஏற்றுவானேன்? அந்த நேரத்தில் நாலு வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள்.


பழைய சாக்பீஸ் (ஆத்தூர்)

தம்பி சொல்வதில் பாதி உண்மை. ஆனால் மறுபாதியை அவர் பார்க்கவில்லை.

36 ஆண்டு தொடக்கப் பள்ளிகளில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவில் நானே மாணவனாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது இளம் ஆசிரியனாகப் பந்தியைக் கவனித்தேன். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று வந்தது. 2010இல் வாரம் ஐந்து முட்டை ஆனது. காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்துவிட்டது. ஆக, பள்ளி நாட்களில் ஒரு பிள்ளையின் மூன்று வேளையில் இரண்டு வேளை நம் கண்ணெதிரே, நம் பொறுப்பில் நடக்கிறது. வீட்டில் காசு இருக்கிறதா, நேரம் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. பாடம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது டீச்சர். சுவரில் மாட்டிய படத்தில் இல்லை.

நான் செய்த ஒரே காரியம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டது. ஆசிரியர் தனி அறையில் தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்து "காயை ஒதுக்காதே" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? இன்னொன்று. புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்ற சொற்களை மூன்றாம் வகுப்புக்கு முன் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தச் சொற்கள் தேர்வுக்கு உதவும். பசிக்கு உதவாது.


எச்சில் வாளி (ஓமலூர் பக்கம்)

நான் ஆசிரியை அல்ல, சத்துணவு அமைப்பாளர். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். பழைய சாக்பீஸ் ஐயா எழுதியதைப் பார்த்ததும் துணிந்துவிட்டேன்.

எங்கள் சமையலறையின் பின்பக்கம் ஒரு வாளி இருக்கிறது. பிள்ளைகள் மிச்சம் வைப்பதை அதில்தான் கொட்டுகிறோம். எனக்கு அதுதான் மதிப்பெண் பட்டியல். என்றைக்கு என்ன கிடக்கிறது என்று பார்த்தால் போதும். கறிவேப்பிலை எல்லா நாளும் கிடக்கும். சாம்பாரில் பெரிய துண்டாகப் போட்ட கத்தரிக்காய் கிடக்கும். முட்டையில் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை எறிகிறவர்கள் எப்போதும் ஐந்தாறு பேர். சுண்டல் மட்டும் ஒரு மணிகூட விழாது.

கீரை போடுகிற நாளில் முன்பெல்லாம் வாளி பச்சையாக இருக்கும். தண்டோடு நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பருப்போடு மசித்துக் கடைந்துவிட்டோம். பாதி குறைந்தது. மீதிப் பாதி, ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கீரை ஆயச் சொன்னபோது குறைந்தது. தான் ஆய்ந்த கீரையைப் பிள்ளை ஒதுக்குவதில்லை. அடுப்புப் பக்கம் விடவில்லை, அரிவாள்மனையும் தரவில்லை, கையால் இலையைக் கிள்ளியதோடு சரி.

டீச்சர்மார் யாரும் அந்த வாளியை எட்டிப் பார்த்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.


இரண்டு டிபன் அம்மா (அஸ்தம்பட்டி)

தனியார் பள்ளியின் கதையையும் கேளுங்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பு. 'பச்சை நாள்' என்று வைத்தார்கள். பச்சை உடை, டிபனில் பச்சைக் காய் அல்லது பழம். ஒரு வீட்டில் கிவி, ஒரு வீட்டில் புரோக்கோலி. நான் அவரைக்காய்ப் பொரியல் வைத்து அனுப்பினேன். வகுப்பில் எடுத்த படத்தில் என் மகள் டப்பாவை மூடிப் பிடித்திருக்கிறாள். சமைத்தால் அவரைக்காய் பச்சையாகவா இருக்கும்?

அதோடு டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து 'நட்சத்திரம்' கொடுக்கும் வழக்கம் வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கா மதிப்பெண்? டிபன் கட்டியது நான். எனக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பெண் அது. சர்க்கரை அளவைக் காட்டும் பலகை ஒன்றையும் 2025இலிருந்து சிபிஎஸ்இ பள்ளிகளில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் பள்ளியில் அது ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகிறது. என் மகள் அதன் கீழே நின்றுதான் செருப்பைக் கழற்றுகிறாள்.

சாலையோரத் தின்பண்டத்தை மட்டும் நான் விடுவதில்லை. தட்டுவடை செட், நிப்பட் எல்லாம் எங்கள் வீட்டில் தடை.


கடைவீதி (செவ்வாய்ப்பேட்டை)

அம்மா, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். தட்டுவடை செட்டைத் தொடாதீர்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், புதினாச் சட்னி. சேலத்துப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் பச்சைப் பீட்ரூட் தின்கிற ஒரே இடம் அதுதான்.


இரண்டு டிபன் அம்மா (அஸ்தம்பட்டி)

தட்டுவடை எந்த எண்ணெயில் பொரிந்தது என்று கேட்டால் பதில் உண்டா?


கடைவீதி (செவ்வாய்ப்பேட்டை)

இல்லை. :)


உணவியல் படித்தவள் (சூரமங்கலம்)

சண்டை போட வேண்டாம். தட்டுவடையைச் சிறியதாக்கி நடுவில் காயைப் பெரியதாக்கினால் இருவரும் ஜெயித்தீர்கள். வீட்டில் செய்து பாருங்கள்.

மலைப்பள்ளி டீச்சருக்கு வருகிறேன். நான் ஊட்டச்சத்து ஆலோசகராக வேலை பார்க்கிறவள். நல்லது கெட்டது என்ற இரண்டு பெட்டி வேண்டவே வேண்டாம். அந்த வயதில் 'கெட்டது' என்ற சொல் பொருளின் மேல் நிற்காது, கொடுத்த கையின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மாணவன் கேட்டது அதைத்தான். 'தினமும் சாப்பிடுவது', 'எப்போதாவது சாப்பிடுவது' என்று சொல்லிப் பாருங்கள். அப்பா சனிக்கிழமை வாங்கி வருவது 'எப்போதாவது'க்குள் அழகாக அடங்கிவிடும்.

இரண்டாவது, புதிய உணவைப் பிள்ளை மறுப்பது பிடிவாதம் இல்லை, அந்த வயதின் இயல்பு. ஒரு காயைப் பத்துப் பதினைந்து முறை பார்த்து, முகர்ந்து, நக்கிப் பார்த்த பிறகே பல பிள்ளைகள் விழுங்குகிறார்கள். மூன்றாம் முறையில் "இவனுக்குப் பிடிக்காது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். வற்புறுத்தினால் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். "கீரை சாப்பிட்டால் மிட்டாய்" என்றும் சொல்லாதீர்கள். மிட்டாய் பரிசு என்றால் கீரை தண்டனை என்று பிள்ளையே கணக்குப் போட்டுவிடும்.

ஆப்பிளா கொய்யாவா என்ற வழக்கில் தீர்ப்பு எளிது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது. ஆப்பிளில் ஐந்தைத் தாண்டாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட வைட்டமின் சி உதவுகிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. மலையில் பிள்ளைகளும் காலையில் வரக்காப்பி குடிப்பார்கள் என்று நினைக்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்கள்தான் அடுத்த ஆண்டு உங்கள் ஒன்றாம் வகுப்பில் உட்காரப் போகிறார்கள்.

பல்பம் தின்கிற பிள்ளை வகுப்பில் இருக்கிறதா பாருங்கள். மண், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு தின்பது வெறும் குறும்பாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அடிக்காமல், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும், வாரம் ஒருமுறை தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும் ஏன் விழுங்குகிறோம் என்று பிள்ளைகளுக்கு ஒரு கதையாகச் சொல்லலாம். காரணம் தெரியாத மாத்திரை சன்னல் வழியாகப் போகும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. முதலுதவிப் பெட்டியில் அயோடின் மருந்து இருக்கும். தண்ணீரில் கலந்து தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வேகவைத்த குச்சிக்கிழங்கில் (மரவள்ளியில்) ஒரு சொட்டு விடுங்கள், கருநீலமாக மாறும். சோறு மாறும், ஜவ்வரிசி மாறும். வெள்ளரி மாறாது, முட்டை மாறாது. வாழைக்காய் கறுத்துப்போகும், நன்றாகக் கனிந்த பழத்தில் அவ்வளவு நிறம் வராது. 'ஓடுவதற்கு வேண்டிய சத்து இங்கே இருக்கிறது' என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சொட்டு விடுவது நீங்களாகவே இருங்கள். சோதித்ததை யாரும் வாயில் வைக்காமல் உடனே எடுத்துப் போட்டுவிடுங்கள்.


மாவு மில் (சேலம்)

ஜவ்வரிசியைச் சோதனைக்கூடத்தில் நிறுத்திவிட்டீர்களே! ஜவ்வரிசி ஆகும் குச்சிக்கிழங்கை நம்பி இந்த மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் குடும்பம் சாப்பிடுகிறது தெரியுமா? ஆலைக்காரர்கள் 1981இல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கமே தொடங்கிய ஊர் இது. பள்ளியில் "ஜவ்வரிசியில் சத்தில்லை" என்று சொல்லிவிட்டால் அதே பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என்ன கேட்கும்? அந்த மலைப் பையன் கேட்ட கேள்வியைத்தான்.


உணவியல் படித்தவள் (சூரமங்கலம்)

நியாயம் ஐயா. சத்தில்லை என்று நான் எழுதவில்லை. ஜவ்வரிசி அநேகமாக முழுவதும் மாவுச்சத்துதான். ஓடவும் விளையாடவும் அது வேண்டும். புரதமும் இரும்பும் அதில் கிடைக்காது, அவ்வளவே. ஜவ்வரிசி உப்புமாவில் வேர்க்கடலையைத் தாராளமாகப் போட்டால் குறை பாதி தீர்ந்தது. துணை இல்லாமல் எந்த உணவும் முழுமை இல்லை, சோறு உட்பட.


மாவு மில் (சேலம்)

அப்படிச் சொல்லுங்கள். ஆலையைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்து வருவதானால் எழுதுங்கள் டீச்சர், அரைவை நடக்கும் மாதத்தில் வாருங்கள்.


தறிக்காரர் மகன் (அம்மாப்பேட்டை)

எல்லாம் சரி. பள்ளி வாசலில் இருக்கும் கடையை என்ன செய்வீர்கள்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிப்படி பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி விற்கக் கூடாது. எந்த ஊரில் பார்த்தீர்கள்?


மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு வட்டம்)

எங்கள் ஊரில் இருப்பதே ஒரு கடை, அதுவும் பள்ளிச் சுவரை ஒட்டி. அதை மூடச் சொன்னால் ஊருக்கே உப்பு கிடைக்காது. அந்த அக்காவிடம் பேசிப் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டு வருகிறேன்.


(மூன்று வாரம் கழித்து)

மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு வட்டம்)

வந்துவிட்டேன். நடந்ததையும் நடக்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பழம், கழுவி, நாலாகக் கீறி, கொஞ்சம் உப்பு தொட்டு. விதையைக் கடிக்கும் சத்தத்தை எழுத்துக் கூட்டச் சொன்னேன். 'நறுக்', 'மொறு', 'கறுக்' என்று சண்டை. ஒன்றாம் வகுப்புக்கு மொழிப் பாடமும் முடிந்தது.

சிறுதானியம் என் சொந்த யோசனை. தோற்றுப்போனது. தினைமாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுபோனேன். ஆளாளுக்கு ஒரு கடி கடித்து வைத்துவிட்டார்கள். மறுநாள்தான் ஒரு பாட்டி சொன்னார், மாவை நான் சரியாக வறுக்கவில்லையாம். பச்சை வாடை. இவர்கள் வீட்டில் சாமைச் சோறும் களியும் புழங்கியவை. சொல்லிக்கொடுக்கப் போன நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டியையே அடுத்த வாரம் வகுப்புக்கு அழைத்தேன். வரமாட்டேன் என்றார். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவள் அம்மா, பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை?" பேத்தி கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். பள்ளிக் கட்டடத்தின் பின்னால், நாங்கள் களை என்று பிடுங்கச் சொல்லும் இடத்தில் நடந்தார். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்று தொட்டுத் தொட்டு ஏழு கீரை காட்டினார். எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒரு செடியைக் காட்டி, இது கீரை போலவே இருக்கும், தொடாதே என்று பேத்தியின் கையில் மெல்லத் தட்டினார். எந்தப் படத்திலும் இந்த எச்சரிக்கை கிடையாது. பெரியவர்கள் காட்டாமல் எதையும் பறிக்கக் கூடாது என்று அன்றே வகுப்பில் விதி வைத்தோம். அந்தப் பேத்தி களி கொண்டுவரும் நாளில் மூடியால் மறைத்துச் சாப்பிடுகிறவள். இப்போதும் மறைக்கிறாள். ஆனால் அன்று மட்டும் பாட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள்.

அயோடின் வேடிக்கை பெரும் வெற்றி, பெரும் தொல்லை. குச்சிக்கிழங்கு கறுத்ததும் ஒரே கூச்சல். அதன்பிறகு எதைக் கண்டாலும் "சொட்டு விடுங்கள் டீச்சர்." இலை, அழிப்பான், என் மதிய உணவு எல்லாம் வரிசையில் வந்தன. பொட்டலச் சிப்ஸையும் கொண்டுவந்தார்கள். கறுத்தது. "அப்படியானால் இதுவும் ஓடுவதற்குத்தானே டீச்சர்?" என்று கேட்டான், அந்த அப்பாவின் மகன். ஆமாம் என்றேன். பிறகு ஒரு சிப்ஸை வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கி, பக்கத்தில் குச்சிக்கிழங்குத் துண்டையும் நசுக்கிக் காயவைத்தோம். கிழங்கின் ஈரம் காய்ந்துபோனது. சிப்ஸின் எண்ணெய் வட்டம் மறுநாளும் அப்படியே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து அதன் வழியே என்னைப் பார்த்தான்.

காப்பி விஷயத்தில் ஓர் அம்மாவிடம் திட்டு வாங்கினேன். நான் சொன்னேன் என்று பிள்ளை காலைக் காப்பியை மறுத்திருக்கிறான். "குளிரில் சூடாக வேறு என்ன கொடுப்பது, நீங்கள் வந்து பால் தருவீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. பள்ளியில் காலை உணவு சாப்பிடும் நேரத்தை ஒட்டிக் குடிக்காமல், எழுந்ததும் குடிக்கட்டும் என்று சமாதானம் பேசி வந்திருக்கிறேன். தறிக்காரர் மகன் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது.

கடை அக்கா பொட்டலத்தை எடுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு பாட்டிலில் வறுத்த வேர்க்கடலையும் கடலைமிட்டாயும் வைத்திருக்கிறார், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில். பொட்டலச் சரம் இப்போது கொஞ்சம் மேலே தொங்குகிறது.


தறிக்காரர் மகன் (அம்மாப்பேட்டை)

அந்த அம்மா கேட்டதை எழுதியதற்கு நன்றி டீச்சர். கடலை பொட்டலம் எவ்வளவு?


மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு வட்டம்)

கடலையும் 5 ரூபாய்தான்.

உணவியல் அக்காவுக்கு ஒன்று. பல்பம் தின்கிற பிள்ளை உண்டா என்று கேட்டீர்களே. ஒருத்தி இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. இரண்டு ஆண்டாகத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். மருத்துவக் குழு அடுத்த வாரம் மலைக்கு வருகிறது. பெயரைக் குறித்து வைத்துவிட்டேன்.


உணவியல் படித்தவள் (சூரமங்கலம்)

குழு பார்த்தபின் எழுதுங்கள். அதுவரை அவள் தட்டில் சுண்டல் கொஞ்சம் கூடுதலாக விழட்டும், கூடவே ஒரு கீற்றுக் கொய்யா.


எச்சில் வாளி (ஓமலூர் பக்கம்)

உங்கள் பள்ளி வாளியில் என்ன கிடக்கிறது என்று இன்னும் எழுதவில்லையே டீச்சர்?


மலைப்பள்ளி டீச்சர் (ஏற்காடு வட்டம்)

இன்று பார்த்தேன் அக்கா. கறிவேப்பிலை, இரண்டு மஞ்சள் கரு, ஒரு கத்தரிக்காய்க் காம்பு. கத்தரிக்காய் என்னுடையது.